இருபத்துநாலு வராத கட்டம்

நான் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கிளாக்கர். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். கம்ப்யூட்டர் யாரும் சொல்லித் தரல, தட்டித் தட்டிப் பழகுனது. எழுத்துல பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. இன்னிக்கு நடந்தத அப்படியே சொல்றேன்.

எங்க தோட்டத்துல அஞ்சாம் நம்பர் லயம் மலைச் சரிவுக்கு நேர் கீழ இருக்கு. ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஆறு வீடு. மழை தொடர்ந்து இருபத்துநாலு மணித்தியாலத்தத் தாண்டுனா அந்த லயத்து ஆளுங்கள ஸ்கூல் ஹோலுக்கு அனுப்பிரணும்னு தொரை சொல்லி வச்சிருக்கார். எவ்வளவு நேரம் பேஞ்சதுன்னு ஃபேக்டரி வாச்சர் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு துண்டுல எழுதி வைப்பாரு. காலையில நான் அத எக்செல்ல ஏத்துவேன். கீழ ஒரு கட்டம், அதுவே மொத்தத்தக் கூட்டிக் காட்டும். இருபத்துநாலத் தாண்டுனா செவப்பா மாறணும். நானே செஞ்ச ஷீட். பெருமையா மடுல்சீமைப் பக்கம் கிளாக்கரா இருக்குற திலீபன் தம்பிக்கும் அனுப்புனேன். அவன் தோட்டத்துலயும் இதே இருபத்துநாலு கணக்குதான். "அண்ணே, இனி விரல் விட்டு எண்ண வேணாம்"னு பதில் போட்டான்.

ஞாயித்துக்கெழம ராத்திரி பத்துக்கு மழை புடிச்சிச்சு. திங்கக்கெழம காலையில கட்டத்துல 8:00. இன்னிக்கு செவ்வா, காலையிலயே மத்த மூணு துண்டையும் ஏத்துனேன். 7:20ன்னு காட்டுச்சு.

நேத்து எட்டு, இன்னிக்கு ஏழு இருபது. கொறஞ்சிருச்சுன்னு நெனச்சேன். சத்தியமா அதத்தான் நெனச்சேன். தகரத்துல மழை அடிக்கிற சத்தம் காதுல கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.

ஆறரைக்குப் பெரட்டு, அன்னிக்கு வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம். ஆளுங்க மழைக்குப் படங்கப் போத்திக்கிட்டு நின்னாங்க.

"அஞ்சாம் நம்பர்ல யாரும் ஸ்கூல் ஹோலுக்குக் கெளம்ப வேணாம். மழை ஏழு மணித்தியாலந்தான்"ன்னேன்.

வேலாயிக்கு அந்த லயத்துலதான் வீடு. புருஷன் கணபதி கால் ஒடஞ்சு ஒரு மாசமா படுக்கையில.

"ஏழா? ஐயா வீட்டுக்கு மட்டும் தனியா மழை பேயிதோ?"

எல்லாரும் சிரிச்சாங்க.

"கம்ப்யூட்டர் சொல்லுது வேலாயி."

"அது சொல்லும். அதென்ன நனையவா செய்யிது? மலை ஊத்துலேருந்து வர்ற பீலித் தண்ணி நேத்துலேருந்து செம்மண்ணா வருதுங்க. இவரால நடக்க ஏலாது. தூக்கணும்னா இப்பவே சொல்லுங்க, நாலு ஆம்பளைங்கள நிப்பாட்டிக்கிறேன்."

"தேவையில்ல. கொழுந்துக்குப் போ."

போயிருச்சு.

பத்தரை இருக்கும். வேற வேல பாக்க முடியல. செம்மண்ணுன்னு வேலாயி சொன்னது மண்டைக்குள்ளயே நின்னுச்சு. துண்டெல்லாம் எடுத்து விரல் விட்டுக் கூட்டுனேன். எட்டு, எட்டு, ஏழு இருபது, எட்டு.

முப்பத்தொண்ணு இருபது.

திருப்பியும் கூட்டுனேன். அதேதான்.

அந்தக் கட்டம் நேரத்தக் கடிகாரம் மாதிரி காட்டிக்கிட்டு இருந்திருக்கு. இருபத்துநாலு ஆனதும் சைபருக்குத் திரும்பிரும். முப்பத்தொண்ணுல ஒரு முழு நாள முழுங்கிட்டு மிச்சம் ஏழ மட்டும் காட்டியிருக்கு. இருபத்துநாலுங்கிற நம்பர் அந்தக் கட்டத்துல எந்தக் காலத்துலயும் வராது. ஃபோர்மட்டுக்குள்ள போயி, மணித்தியாலத்துக்கான எச் எழுத்தச் சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டேன். 31:20ன்னு வந்துச்சு.

ஆனா கட்டம் வெள்ளையாவே இருந்துச்சு. எக்செல்லுக்கு ஒரு முழு நாள்னா ஒண்ணு. செவப்பாகுறதுக்கு நான் குடுத்து வச்ச இருபத்துநாலு, அதோட கணக்குல இருபத்துநாலு நாள்.

அப்பறம் உக்காரல. ஃபேக்டரியில நாலு பேரக் கூப்புட்டுக்கிட்டு அஞ்சாம் நம்பர் லயத்துக்கு ஓடுனேன். மத்த அஞ்சு வீட்டுலயும் இருந்தவங்கள வெளிய எடுத்தாச்சு. கணபதி வீட்டுக் கதவு மட்டும் தொறக்கல. உள்ளுக்குப் பூட்டவும் இல்ல. கதவு நெலை ஒரு பக்கமா சாஞ்சு கதவ இறுக்கிப் புடிச்சிருந்துச்சு.

"யாரு?" உள்ளேருந்து கணபதி கேட்டாரு. "காலையிலேருந்து செவுரு முணுமுணுக்குதுங்க. நான்தான் காச்சல்ல ஒளறுறேன்னு கெடந்தேன்."

கோடாலியால கதவ ஒடச்சோம். வாங்குப் பலகையில படுக்கப் போட்டுத் தூக்கிட்டு வந்தோம். வரும்போது திரும்பிப் பாத்தேன். அந்த மழையிலயும் பீலியில தண்ணியே வரல.

ரெண்டு மணிக்கு ஸ்கூல் ஹோல்ல இருந்தப்ப சத்தம் கேட்டுச்சு. லொறியில கல்லு கொட்டுற மாதிரி. அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கல. போயிப் பாத்தவங்க, கடைசி மூணு வீடு இல்லன்னாங்க. கணபதி வீடு அதுல நடு வீடு.

வேலாயி மலையிலேருந்து ஓடியாந்து புருஷன் பக்கத்துல உக்காந்துச்சு. என்னையப் பாத்து, "ஐயா, காலையிலயே நான் கேட்டேன்தானே?"ன்னு சொன்னுச்சு. அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவல.

அப்பத்தான் திலீபன் ஞாபகம் வந்துச்சு.

அப்பலேருந்து அவனுக்கு எடுக்குறேன். லைன் கெடைக்கல. மெசேஜ் போட்டேன், போயிச் சேராம ஒத்தக் கோடு விழுந்து நிக்குது. அவங்க ஆபிஸ் போனும் அடிக்குதில்ல. அங்கயும் ஞாயித்துக்கெழம ராத்திரியிலேருந்துதான் மழை. ரெண்டு மணி வரைக்கும் விடாம பேஞ்சிருந்தா நாப்பது மணித்தியாலம். அவன் கட்டத்துல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். 16:00. வெள்ளையா.

மடுல்சீமைப் பக்கம் யாராவது இத வாசிச்சா, நடந்தாவது போயி அவன்கிட்ட சொல்லுங்க. கம்ப்யூட்டரப் பாக்க வேணாம்னு சொல்லுங்க. இங்க இன்னும் மழை நிக்கல.