மாமா போட்டால் மட்டும் கத்தும் மெஷின்

துணி துவைக்கிற மெஷினா அது? ஓட்டை லாரியில் காலி டிரம்மை உருட்டிக்கொண்டு போவது போல அப்படி ஒரு கடகடப்பு. முதலில் நல்ல பிள்ளையாகத் தண்ணீரை எடுத்துக்கொண்டு சளக் சளக்கென்று அலசும். பிழிகிற கட்டம் வந்ததோ, போச்சு! தடார் தடாரென்று குதித்து, பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தே போய்விடும். கீழ் வீட்டு டீச்சரம்மா ஒட்டடைக் கம்பால் கூரையை இடிப்பார். மேலே ஒரு இடி, கீழே ஒரு இடி.

வீட்டில் மூன்றே பேர். பேக்கரியில் வேலை பார்க்கும் அவள், டைல்ஸ் கடையில் கணக்கு எழுதும் அவள் கணவன், டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பா. கணக்கு எழுதுகிறவனுக்கு வீட்டில் பெயர் இன்ஜினியர். எல்லாம் கேலிதான், வேறென்ன. மிக்ஸியைப் பிரித்து மாட்டிவிட்டு, மிஞ்சிப்போன ஒரு ஸ்குரூவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்த அன்று மனைவி சூட்டிய பட்டம் அது.

அவள் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவதால் சத்தத்தை நேரில் கேட்டதில்லை. ஆனால் வேலை முடிந்து வரும்போது படிக்கட்டிலேயே டீச்சரம்மா மறித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவார்.

“இன்ஜினியர், இதுக்கு ஒரு வழி பண்றீங்களா, இல்ல ஆளக் கூப்பிடட்டுமா?”

“ஆளா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?”

வீராப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கடையிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்து, மெஷினின் கால்களைத் திருகித் திருகி மட்டம் பார்த்தான். அடியில் ஃபில்டரைத் திறந்து, ஒரு சட்டைப் பித்தானையும் சிக்குப்பிடித்த நூலையும் வெளியே எடுத்தான். காலுக்குக் கீழே ரப்பர் வைத்தான். வீட்டு அழுக்குத் துணியையெல்லாம் அள்ளிப்போட்டு ஓடவிட்டால், மெஷின் மூச்சுக் காட்டவில்லை. “பாத்தியா?” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை மாமனார் போட்டார். தடார் தடார். தூக்கிய காலர் தொங்கிப்போனது.

“நீங்க போட்டா பூனையா இருக்கு, அப்பா போட்டா புலியா கத்துது. அதுக்கு அப்பாவப் பிடிக்கல போல,” என்று அவள் சிரித்தாள்.

மாமனார் சிரிக்கவில்லை. “நான் கையாலயே துவைச்சுக்கறேன் மாப்பிள்ளை. எனக்காக நீங்க சிரமப்படாதீங்க.”

முட்டிவலிக்காரர் குனிந்து துவைப்பதாவது! ஆனால் அவர் அப்படித்தான். குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். தன் துணியைத் தானே மெஷினில் போடுவார். மருமகன் குளித்துவிட்டு வருவதற்குள் அதை எடுத்துக்கொண்டுபோய் மொட்டைமாடியில் காயப்போட்டும் விடுவார்.

அந்த வாரம்தான், சாப்பிட்டுக் கைகழுவி வந்து, சர்வசாதாரணமாகச் சொன்னார். “ஒரு ரூம் பாத்திருக்கேம்மா. பழைய சிநேகிதர் வீட்டு மாடில காலியா இருக்காம். ஞாயித்துக்கிழமை போயிடலாம்னு இருக்கேன்.”

“ஏம்ப்பா?”

“இந்த மெஷின் சத்தம் எனக்கு ஒத்துக்கல.”

மெஷினை ஓட்டுவதே அவர்தான். அவள் அறைக்குள் வந்து உடைந்துபோனாள். அம்மா போன பிறகு கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்த அப்பா. “எப்படியாவது அந்தச் சத்தத்த நிறுத்துங்க. அவர் எப்படிங்க தனியா இருப்பார்?”

அவனுக்கும் அவரை அனுப்ப மனமில்லை. மனைவிக்காக மட்டும் இல்லை. கடையிலிருந்து அலுத்துக் களைத்து வந்தால் கதவைத் திறந்து “வந்துட்டீங்களா மாப்பிள்ளை” என்று கேட்க ஒருவர். பேப்பரில் நல்லதாக நாலு செய்தியை எடுத்துவைத்து வாசித்துக் காட்ட ஒருவர். சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத்தான் தெரியும். மனுஷனை விட்டுவிடக் கூடாது. அதற்கு மெஷின் வாயை அடைத்தாக வேண்டும்.

ஓடி முடிந்த பிறகு பிரித்துப் பார்த்து என்ன பயன்? கத்தும்போதே கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். மாமனாருக்குத் தெரிந்தால் “எனக்காக எதுக்கு மாப்பிள்ளை” என்று மெஷினையே நிறுத்திவிடுவார். அதனால் மறுநாள் காலை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, குளிக்கிறவன் போலப் பாவனை செய்து, பால்கனிக் கதவுக்குப் பின்னால் திருப்புளியோடு பதுங்கி நின்றான்.

பிழியத் தொடங்கியது. தடார்! ஒரே பாய்ச்சலில் போய் நிறுத்தினான். மாமனார் சமையலறையிலிருந்து பதறி ஓடிவருவதற்குள் மெஷின் கதவு க்ளிக்கென்று விடுபட்டது. உள்ளே ஒரே ஒரு பெட்ஷீட். நனைந்து கனத்து, பந்தாகச் சுருண்டு, ஒரு பக்கமாக அப்பிக்கொண்டு கிடந்தது.

“மாட்டிக்கிச்சு மாமா!” என்று வாய்விட்டுச் சிரித்தான். “மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல. ஒத்த பெட்ஷீட்ட மட்டும் போட்டா கனமெல்லாம் ஒரே பக்கம் சேந்துடுது. அதான் இந்த ஆட்டம். தினமும் நீங்க ஒரே ஒரு பெட்ஷீட்ட மட்டும்...”

சொல்லிக்கொண்டே திரும்பியவன் அவர் முகத்தைப் பார்த்தான். தினமும் பெட்ஷீட். தினமும் துவைக்கிற மாதிரி பெட்ஷீட்டில் என்ன அழுக்கு? புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காலமெல்லாம் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்த மனிதர், பிடிபட்டவரைப் போலத் தலைகுனிந்து நின்றார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட இருக்கப்போவதில்லை.

அடப்பாவி, இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா! தன்னைத்தானே திட்டிக்கொண்டான். போய் என்ன சொல்வது? “பரவாயில்ல மாமா” என்றால் மனிதர் இன்னும் கூனிக்குறுகிப் போவார். ஒன்றும் தோன்றாமல் தன் அறைக்குப் போய், படுக்கையிலிருந்து பெட்ஷீட்டை உருவினான். தலையணை உறைகள், துண்டுகள், நேற்றுப் போட்ட சட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிவந்து, அவருடைய பெட்ஷீட்டோடு சேர்த்துத் திணித்து, சோப்புத்தூள் போட்டு முதலிலிருந்து ஓடவிட்டான். குளியலறையில் பக்கெட் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

பிழிகிற கட்டமும் வந்தது. ரீங்காரம் மட்டும்தான். இடியைக் காணோமே என்று மாமனார் மெல்ல எட்டிப் பார்த்தார். மெஷின் கண்ணாடிக்குப் பின்னால் தன் வெள்ளையும் அவர்களுடைய நீலமும் ஒன்றாகச் சுற்றுவதைக் கண்டு அதிர்ந்துபோனார்.

“மாப்பிள்ளை! உங்க துணியையுமா அதோட போட்டீங்க? அது... ராத்திரி நான்...”

“தெரியும் மாமா. சோப்புப் போட்டுத் துவைச்சா எல்லாம் துணிதான்.”

“நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்.”

“நாளைக்கும் சேத்துப் போடுவோம். ஒரு நாள் டாக்டரப் போய்ப் பாப்போம், நானும் கூட வர்றேன். நீங்க இல்லாம எனக்கு இந்த வீடு நல்லா இருக்காது மாமா.”

பெரியவர் மெஷின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அவன் ஈரத் துணியை வெளியே எடுப்பதில் மும்முரமாக இருப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர், “அவளுக்குத் தெரிய வேண்டாம்,” என்றார். அவன் தலையாட்டினான். காலையில் உளறிய வாய்க்கு இதுதான் பிராயச்சித்தம்.

சாயங்காலம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். “இன்னைக்கு டீச்சரம்மா என்னை மறிக்கவே இல்ல! என்னங்க பண்ணீங்க?”

“பெல்ட் லூசா இருந்துச்சு.”

“எந்த பெல்ட்?”

“அதான்... பின்னாடி இருக்கிற பெல்ட்.” அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பியிருந்தாள்.

“சத்தந்தான் நின்னுடுச்சே. இனிமே போகமாட்டீங்கதானேப்பா?”

மாமனார் பேப்பரை மடித்துவைத்தார். மருமகன் சிவந்த காதை ஒரு தரம் பார்த்தார். “மெஷின் சத்தம் ஒரு சாக்கும்மா. ராத்திரித் தூக்கத்துல எனக்குத் தெரியாமலே போயிடுது. பெட்ஷீட் நனைஞ்சுடுது. கொஞ்ச நாளா இப்படித்தான். அதத் துவைக்கத்தான் தினமும் மெஷின ஓட்டினேன். உன் வீட்ல இப்படிக் கிடக்க எனக்கு மனசு வரல.”

அவள் தோளிலிருந்த பையைக்கூடக் கழற்றாமல் அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்தாள். “இதுக்காகவாப்பா? இதுக்காகவா என்னை விட்டுட்டுப் போகப் பாத்தீங்க?” என்று அழுதாள். அழுகையோடு கோபமும் பொத்துக்கொண்டு வர, அவர் முட்டியில் ஒரு போடு போட்டாள். வலிக்கிற முட்டி. அவர் “ஆ!” என்றார். அதற்கும் சேர்த்து அழுதாள்.

பெரியவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தன் செல்போனை எடுத்து மருமகனிடம் நீட்டினார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனிடம் அவர் ஒரு உதவி என்று கேட்டதில்லை.

“மாப்பிள்ளை, அந்த ரூம்காரர்கிட்ட நான் வரலன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இப்ப பேச வராது.”

“என்ன காரணம் சொல்லட்டும் மாமா?”

“பொண்ணு விடமாட்டேங்கறான்னு சொல்லுங்க,” என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “மாப்பிள்ளையும் விடமாட்டேங்கறாருன்னு சேத்துச் சொல்லுங்க,” என்றார்.