உடன்பிறந்தவர் அல்ல

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் சக்கரபாணி பேனாவை மூடி வைத்தார்.

மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறைதான் அவருக்கு அலுவலகம். தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சில் பெயர்த்து முத்திரை வைத்துக் கொடுப்பார். எதிரே இலக்கியா. மேசையில் அவள் சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த கட்டு. திருமணப் பதிவு, பிறப்புச் சான்று, புருஷனோடு பேசிய வாட்ஸ்அப் அறுபத்திரண்டு பக்கம், பன்னிரண்டு போட்டோ. பாரீஸில் இருக்கும் ராஜ்கமல் அவளை அழைத்துக்கொள்ள வேண்டுமானால் கல்யாணம் நிஜம் என்று காட்ட வேண்டும். தாலுகா ஆபீசுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டரில் ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுப்பவள் அவள். தன் கட்டைப் பக்க எண் போட்டு, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தாள்.

“மாமா, மாமான்னு பக்கத்துக்குப் பத்து இருக்கு,” என்றார் சக்கரபாணி. “அதுல ஒண்ணும் இல்ல. வர்ற பொண்ணுங்க எல்லாம் புருஷன அப்பிடித்தான் எழுதுதுங்க. நான் அன்பேன்னு போட்டுடுவேன். ஆனா ஒன் வீட்டுக்காரரு ஒங்கம்மாவ அக்காங்கறாரே. ‘அக்காகிட்ட போனக் குடு.’ ‘அக்காவுக்கு மாத்திர வாங்குனியா.’ மாமியார எவன்மா அக்காம்பான்?”

இலக்கியா சிரித்தாள். “கூடப் பொறந்த அக்கா சார். எனக்கு அவரு சொந்தத் தாய்மாமன்.”

ஊரில் அதைச் சொன்னால், வெளியில போவாம சொந்தத்துலயே அமைஞ்சிதே என்பார்கள். அவர் சொல்லவில்லை. போட்டோக்களைத் தள்ளி ஒன்றை எடுத்தார். அவளுடைய காதுகுத்து. ஒரு வயதுக் குழந்தை பதின்மூன்று வயதுப் பையன் மடியில் வாயைப் பிளந்து அழுகிறது. பையன் பட்டு வேட்டியில் கேமராவைப் பார்க்கிறான். கீழே அவளே டைப் அடித்திருந்தாள்: சிறு வயது முதல் நல்ல பழக்கம்.

“இது ஒண்ணு போதும்,” என்றார். “அந்த ஊர்ச் சட்டத்துல அண்ணன் தங்கச்சிக்கு அடுத்த வரியிலயே இத எழுதி வச்சிருக்கான். மாமன் அக்கா மவளக் கட்டுனா அது கல்யாணமே இல்ல. அவரு இப்ப அந்த நாட்டுக் குடிமகன். நீ இங்க பொண்டாட்டி. அங்க அக்கா மவ.”

அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டினார்.

“இந்த நாற்காலியில முன்னாடி பென்ஷன் கெழவிங்க உக்காரும். பாண்டிச்சேரியிலேர்ந்து பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்குப் போயி வியட்நாம்ல சண்ட போட்டவனுங்க பொண்டாட்டிங்க. வெள்ளக்காரன் போனப்ப எந்த நாடு வேணும்னு எழுதிக் குடுக்கச் சொன்னான். அண்ணன் எழுதிக் குடுத்தான். தம்பி நெலத்த உட்டு வர மாட்டேன்னான். அண்ணன் பேரன் இப்ப அங்க பஸ் ஓட்டறான். தம்பி பேரன் விசாவுக்கு எங்கிட்ட வந்து நிக்கறான்.” கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். “நான் பொய்யாப் பெயர்க்க மாட்டம்மா. ஆனா நீ கொண்டாற காயிதத்துல என்னா இருக்கோ அதப் பெயர்ப்பேன். புரியிதா?”

புரிந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவர் சொன்னதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமே இல்ல. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கடிக்கும் செருப்பிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்த மாதிரி இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள்.

அவள் பிறந்தபோதே, ஒனக்குப் பொண்டாட்டி பொறந்திருக்காடா என்று ராஜ்கமலைக் கிண்டல் செய்தார்களாம். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் ஏஜென்ட் மூலம் பாரீஸ் போனார். எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்து, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, ஊர்ப் பக்கமே வராமல் இருந்து குடியுரிமைக் காகிதம் வாங்கினார். இரண்டு வருடத்துக்கு முன் மூன்று வார லீவில் வந்து தாலி கட்டினார். சேர்ந்து இருந்தது பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவர் மீனில் முள்ளை எடுத்துவிட்டு அவள் தட்டில் வைத்தார். அவளுக்கு ஐந்து வயதில் வைத்தது போலவே. நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறை சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

தெருவில் இப்படிக் காத்திருப்பவர்கள் அவளோடு சேர்த்து மூன்று பேர். ரேகா போலந்துக்கு, தமிழ்ச்செல்வி இத்தாலிக்கு. எதிரே வருகிறவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை, விசா வந்துடுச்சா என்கிறார்கள். பி.எட். சேரலாம் என்று அவள் விண்ணப்பம் வாங்கியபோது, போறவளுக்கு எதுக்குடி என்றார் அப்பா. கிழிந்த தலையணை உறையைக்கூட அம்மா மாற்றவில்லை. போகிறவள்தானே.

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. இறங்கத் தயாரானாள்.

சாயங்காலம் ராஜ்கமல் வீடியோவில் வந்தார். தலையில் சமையல்கட்டுத் தொப்பி. சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கன்னத்தைத் தேய்த்தார்.

“இங்க விசாரிச்சேன். ஒண்ணுவிட்ட சொந்தம்னா பிரச்சின இல்ல. அக்காவுக்குத்தான் பொறப்புச் சான்றே கெடையாதே. எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாருன்னும், அக்கா அவரு பொண்ணுன்னும் ஒரு அபிடவிட் போட்டுடலாம். அந்தக் காதுகுத்து போட்டோவக் கிழிச்சிப் போடு. இனிமே என்ன மாமான்னு எழுதாத.”

“பின்ன என்னான்னு எழுதறது?”

“பேரச் சொல்லு.”

அடுப்படியிலிருந்து அம்மா புஷ்பவள்ளி ஈரக்கையோடு வந்து போனை வாங்கினாள்.

“என்னாடா தம்பி? ஒன்ன ஆறு வயசுல உட்டுட்டு ஆத்தா போனாளே, அப்ப யாரு ஒன்னக் குளிப்பாட்டுனது? பெரியப்பன் மவளா?”

“ஒரு காயிதம்தான் அக்கா.”

“ஏன், நான் செத்துட்டேன்னு எழுதேன். அது இன்னும் சுளுவு.”

அவர் தொப்பியைக் கழற்றினார். முன்மண்டையில் முடி இல்லை. அதைப் பார்த்ததும் அம்மா போனை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் இரண்டு நாள் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. இலக்கியா ஒரு முறை ராஜ்கமல் என்று டைப் அடித்து, அனுப்பாமல் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா சென்டருக்கு வந்து நின்றாள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை.

“அடி,” என்றாள்.

“என்னம்மா?”

“அந்தக் காயிதத்தத்தான். நான் எங்கப்பன் சுப்பிரமணியன் மவ இல்லன்னு அடி. அவன் தலயப் பாத்தியா? நம்பள நம்பி அங்க கெழவனாயிட்டான்.”

வாரிசுச் சான்றுக்கு வைத்திருந்த படிவத்தை இலக்கியா திறந்தாள். பெயர்களை மட்டும் மாற்ற வேண்டும். விரல்கள் தாமாகவே போயின. நான் காலஞ்சென்ற ராமலிங்கம் என்பவரின் மகள். மேற்படி ராஜ்கமல் எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. என் சிறிய தகப்பனார் சுப்பிரமணியன் அவர்களின் மகன். ஊருக்கு அடித்துக் கொடுப்பதில் எத்தனை பொய் போயிருக்கும் என்று அவள் யோசித்ததில்லை. முத்திரைத்தாளை வைத்து அச்செடுத்தாள்.

பக்கத்துக் கடையில் நோட்டரி செந்தமிழ்ச்செல்வன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஒரு கையெழுத்துதானம்மா, போட்டுட்டு ஆதாரக் காட்டுங்க. கொழம்பு ஆறுது.”

அம்மா விரலை வைத்துப் படித்தாள்.

“இந்த ராமலிங்கம் யாருடி?”

“ஒங்கப்பா.”

“எப்பிடி ஆளு? குடிப்பாரா?”

“இல்லம்மா. குடிக்க மாட்டாரு.”

“பரவால்ல. எங்கப்பன விட நல்லவருதான்.”

நோட்டரி சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். அங்கேயே நின்றது. இலக்கியா பேனா மூடியைத் திறந்து நீட்டினாள். அம்மா வாங்கி, தாளின் கடைசியில் கோடு போட்ட இடத்துக்கு மேலே பிடித்தாள். சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போய்த் தேய்ந்தது. பேனா இறங்கவில்லை. தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள்.

“நான் இதப் போட்டுட்டா திரும்ப அழிக்க முடியாது. ஒன்ன நாங்க யாரும் கேக்கல. இப்ப கேக்கறேன். ஒனக்கு அங்க போவணும்னு இருக்காடி?”