கேபிளின் கடைசி முனை

ஓடவே ஓடாத ஒன்று ஓடவில்லை என்றால் அது வேறு கதை. புதன்கிழமை சாயங்காலம் மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று ஜம்மென்று பேசின. கீழே கல்லாவில் சோதனைக்கு ஒரு பில் போட்டால் மாடியில் சரக்கு இருப்பு குறைந்தது. கடை ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதே கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை காலையில் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று திரையில் எழுதிக் காட்டினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அருள்ஜோதிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அதுவும் அது எந்த வெள்ளிக்கிழமை என்கிறீர்கள்? எண்பத்தேழாம் வருஷத்து விஜயதசமி. இடம் சிராங்கூன் ரோட்டில் தங்கராஜுவின் ஜவுளிக்கடை. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. ‘பில் முதல் சரக்கு வரை எல்லாம் இனிமேல் கம்ப்யூட்டர்’ என்று தங்கராஜு வாசலில் துணி பேனரே கட்டிவிட்டார். முதல் பில்லை அன்றைக்கு நல்ல நேரத்தில் போடவேண்டும் என்பது அவர் கட்டளை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும்.

“நல்ல நேரத்துல ஓடிச்சுன்னா ஓடட்டும்மா. இல்லேன்னா பெட்டிய எல்லாம் கட்டிக்கிட்டுப் போயிடுங்க லா. தீபாவளிக் கூட்டத்துல நின்னு விளையாட என்னால முடியாது” என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற பெர்னார்டின் காதிலும் விழுந்தது.

பெர்னார்ட் அருள்ஜோதியின் முதலாளி. கம்ப்யூட்டர் விற்கிற சின்னக் கம்பெனி அவருடையது. அருள்ஜோதி அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவள். மாலை வகுப்பில் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, புக்கிட் பாத்தோக் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேலேயே உட்கார்ந்து ஜவுளிக்கடைக்கென்று ஒரு டேட்டாபேஸ் எழுதி முடித்தாள். பெர்னார்ட் அரை மனசாகத்தான் சம்மதித்தார். “இந்த ஒரு கடையில ஓடட்டும், ஊர் பூரா விக்கலாம். ஓடலேன்னா மண்டே நீ மறுபடியும் டைப்பிங்தான், ஜோதி. அப்புறம் என்கிட்ட ப்ரோகிராம் பத்திப் பேசவே கூடாது” என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான், மனுஷன் அப்படி.

பெர்னார்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “ப்ரோகிராம் தப்பா?” என்றார்.

“ப்ரோகிராம் தப்பில்ல சார்!”

“பின்ன?”

பின்ன என்ன என்று தெரிந்தால் அவள் ஏன் இப்படி நிற்கிறாள்? சிலுவை போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். டேட்டாபேஸ் இருப்பது மாடி ஆபீசில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில். அதைத்தான் சர்வர் என்பார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து டேட்டாபேஸைத் திறந்தாள். சட்டென்று திறந்துகொண்டது. காஞ்சிபுரம் பட்டு, சின்னாளப்பட்டி, மதுரைச் சுங்குடி என்று அவள் தட்டி வைத்த சரக்கெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ‘அப்பாடா, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று அவளுக்கு உயிர் வந்தது.

ஆக, சர்வர் நன்றாக இருக்கிறது. டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது. கீழே இருக்கிற கம்ப்யூட்டருக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் கோளாறு நடுவில். அருள்ஜோதிக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. பயம் பாதி, குஷி பாதி. ஒளிந்து விளையாடுகிறவன் எந்த அறையில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் பிடிக்க எவ்வளவு நேரம்?

தடதடவென்று கீழே இறங்கினாள். கல்லாவில் குணமணி அக்கா புதுச் சேலை கட்டி, பூ வைத்து, கீபோர்டுக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பல வருஷமாக அந்தக் கல்லாவை ஆள்கிறவள். கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் மற்றவர்கள் முணுமுணுத்தபோது, “நான் பழகுறேன், எனக்குச் சொல்லிக்குடுங்க” என்று முதலில் வந்து நின்றது இவள்தான்.

“என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா அதுக்கு?” என்றாள், திரையைத் தடவிக்கொடுக்காத குறையாக.

“பாத்துருவோம்கா.”

கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் சரஸ்வதி படம். கீழே நேற்று ஆயுத பூஜைக்கு வைத்த பெரிய பித்தளைத் தட்டு. கத்தரிக்கோல், கஜக்கோல், கடைச் சாவி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அதில் ஓய்வெடுத்தன. கணக்குப் போடுகிற மிஷின்கூட இருந்தது. முதல் பில்லைக் கொண்டுபோய்ச் சரஸ்வதி முன்னால் வைத்து, கற்பூரம் காட்டின பிறகுதான் தட்டில் இருப்பதை எடுத்துத் தொழிலைத் தொடங்குவது. அது அந்தக் கடையின் வழக்கம். அதுவரைக்கும் துணி கிழிக்கக்கூட யாரும் கத்தரிக்கோலைத் தொடமாட்டார்கள்.

அருள்ஜோதி கல்லாக் கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்தாள். கேபிள் செருகித்தான் இருக்கிறது. கழற்றி மாட்டினாள். ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ‘சர்வர் கிடைக்கவில்லை.’ பின்கட்டுக் கிடங்குக்கு ஓடி, அங்கே இருந்த மூன்றாவது கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டாள். அதுவும் அதே பல்லவி. ஒரே கேபிள்தான் மாடியிலிருந்து கல்லாவுக்கும், கல்லாவிலிருந்து கிடங்குக்கும் போகிறது. இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே நோய் என்றால் நோய் கேபிளில்.

“எலி கடிச்சிருக்குமோ?” என்றார் தங்கராஜு.

“எங்க கடையில எலியா! வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க மொதலாளி” என்று குணமணி அதட்டினாள்.

பெர்னார்ட் தங்கராஜுவின் தோளில் கை போட்டுக்கொண்டு, வெளிநாட்டில் தயாரான வேறொரு ப்ரோகிராம் பற்றி மெல்லிய குரலில் பேச ஆரம்பித்திருந்தார். அருள்ஜோதிக்கு அது கேட்டது. கேட்டதும் வந்த கோபத்தில் மூளை இரண்டு மடங்கு வேலை செய்தது. பையிலிருந்து மின்தடை அளக்கிற மீட்டரை எடுத்தாள்.

இந்தக் கேபிளில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நுனியளவு வெள்ளி நிறத்தில் ஒரு மூடி மாட்டியிருக்கும். பார்க்க ஒன்றுக்கும் உதவாத மூடிதான். ஆனால் அது இல்லாவிட்டால், கேபிளில் போகிற சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வந்து, எதிரே வருவதை எல்லாம் குழப்பியடித்துவிடும். இரண்டு மூடியும் இருந்தால் மீட்டர் இருபத்தைந்து ஓம் காட்டவேண்டும், ஒன்றுதான் இருந்தால் ஐம்பது.

கல்லாப் பக்கத்துக் கேபிளில் மீட்டரை வைத்தாள். ஐம்பது காட்டியது.

“ஆண்டவரே!” என்று கத்திவிட்டாள். கடையே திரும்பிப் பார்த்தது. “புடிச்சுட்டேன்! ஒரு மூடி இல்ல சார்! ப்ரோகிராம் இல்ல, டேட்டாபேஸ் இல்ல, ஒரே ஒரு மூடி!”

மாடி முனையில் மூடி இருந்ததை அவள் சற்றுமுன் பார்த்திருந்தாள். அப்படியானால் கிடங்கு. மறுபடியும் ஓடினாள். கிடங்குக் கம்ப்யூட்டரைச் சுவரிலிருந்து இழுத்து, பின்னால் தலையை விட்டாள். முனை மொட்டையாக இருந்தது. புதன்கிழமை தன் கையாலேயே மாட்டிய மூடியைக் காணோம். தரையில் தவழ்ந்து தேடினாள். சேலைக் கட்டுகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். தூசிதான் வந்தது.

“இன்னொண்ணு வாங்கியாரலாம், சிம் லிம் டவர் பக்கத்துலதானே” என்று பெர்னார்ட் பின்னாலேயே வந்து சொன்னார்.

“அங்க பதினொண்ணு ஆவாம ஒரு கடையும் தொறக்க மாட்டான் சார். ஸ்பேர் ஒண்ணு வாங்குங்கன்னு அன்னிக்கே கேட்டேன், ரெண்டு போதும்னீங்க.”

பெர்னார்ட் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதுவை அந்தோனியாருக்கு மனசுக்குள் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு அவள் மறுபடி அந்த மொட்டை முனையைப் பார்த்தாள். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவர் அவர்தானே. பார்த்தபோது முனைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. விரலால் தொட்டாள். குங்குமம்!

ஓட்டமாகக் கல்லாவுக்கு வந்து பூஜைத் தட்டின் முன் மண்டியிட்டாள். கஜக்கோலுக்கும் சாவிக்கும் நடுவில், சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் ஒரு மல்லிகைப் பூவுமாக, அவளுடைய மூடி கொலுவிருந்தது. அந்தோனியார் தேடிக் கொடுத்தார், அதுவும் சரஸ்வதியின் தட்டில்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

குணமணி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

“நான்தான் வச்சேன் தங்கச்சி. எல்லாச் சாமானும் தட்டுல இருக்கு, புதுசா வந்த கம்ப்யூட்டருக்கு மட்டும் பூஜை இல்லாமப் போகலாமா? பெட்டிய தூக்கி வைக்க முடியுமா? அதான் கழட்டக்கூடியது எதுன்னு பாத்தேன். அது ஒண்ணுதான் எதோடயும் சேராம சும்மா தொங்குச்சு. சும்மா இருக்கிறதுதானேன்னு...” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “என்னாலயா எல்லாம்?”

“அதெல்லாம் அப்புறம்கா” என்று அருள்ஜோதி கையை நீட்டினாள். தங்கராஜு குறுக்கே கையைப் போட்டார்.

“தொடாதம்மா! கற்பூரம் காட்டாம தட்டுல இருக்கிறத எடுக்கக் கூடாது.”

“அப்ப காட்டுங்க சார்!”

“மொத பில்லு வந்தாதான் காட்டணும்.”

“இந்த மூடி வந்தாதான் பில்லு வரும்!”

நல்ல வேடிக்கை. பில் வந்தால் கற்பூரம், கற்பூரம் காட்டினால் மூடி, மூடி வந்தால் பில். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ராகு காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கராஜு கடிகாரத்தைப் பார்த்தார், சரஸ்வதியைப் பார்த்தார், பெர்னார்டைப் பார்த்தார். கடைசியில் அருள்ஜோதியைப் பார்த்தார். தலைமுடியெல்லாம் கிடங்குத் தூசி, முழங்கையில் சிராய்ப்பு. கையை மட்டும் அவள் இன்னும் இறக்கவில்லை.

“சார், அக்கா அத சாமிக்குன்னு வச்சாங்க. தொழில் தொடங்கணும்னுதானே வச்சாங்க? அது தொடங்காம அங்க படுத்திருந்தா எந்தச் சாமிக்குச் சந்தோஷம்?”

தங்கராஜு ஒரு நொடிதான் யோசித்தார். “குணமணி, கற்பூரத்த எடு! சரஸ்வதிகிட்ட பில்லுக்கு நான் கொஞ்சம் டைம் கேட்டுக்கிறேன்.”

கற்பூரம் எரிந்தது, மணி அடித்தது, பெர்னார்ட்கூடக் கை கூப்பினார். தங்கராஜு மூடியை எடுத்து இரண்டு கையாலும் அருள்ஜோதியிடம் கொடுத்தார். அவள் கிடங்குக்குப் பறந்தாள். உள்ளே இருந்த சந்தனத்தைக் கைக்குட்டை நுனியால் துடைத்தாள். வெளியே இருந்த பொட்டைத் தொடவில்லை. மூடியை மாட்டித் திருகினாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது.

“அக்கா! போடுங்க!”

கல்லாவில் குணமணி ஒரு தட்டுத் தட்டினாள். திரை ஒரு கணம் இருட்டாயிற்று. பிறகு காஞ்சிபுரம் பட்டு, சின்னாளப்பட்டி, மதுரைச் சுங்குடி என்று மடமடவென்று கொட்டியது.

“வந்துருச்சு! ஐயோ வந்துருச்சு!” என்று குணமணி போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரிண்டர் கரகரவென்று முதல் பில்லைத் துப்பியது. தங்கராஜு அதைக் கிழித்துக்கொண்டு சரஸ்வதியிடம் ஓடினார். வைத்துவிட்டுத் திரும்பினபோதுதான் கடிகாரம் பத்தரை அடித்தது.

குணமணி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அருள்ஜோதி அவளைக் கட்டிக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா. கம்ப்யூட்டர எங்க ஆபீஸ்ல மிஷின்னுதான் நெனைக்கிறோம். நீங்கதான் அதையும் உங்க தொழில்ல சேத்துக்கிட்டீங்க.”

திங்கட்கிழமை அவளுடைய பழைய டைப்ரைட்டருக்குப் போட்ட உறை போட்டபடியே இருந்தது. பெர்னார்ட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டன்லப் ஸ்திரீட் பாத்திரக்கடை, பஃபலோ ரோட்டு மளிகைக்கடை, இரண்டுக்கும் ஆர்டர் வந்துவிட்டதாம். சாமான் எழுதிக்கொண்டே, “மூடி கடைக்கு ரெண்டு, சரியா?” என்றார்.

“மூணு சார்.”

“கேபிளுக்கு முனை ரெண்டுதானே? மூணாவது எதுக்கு?”

“சாமிக்கு.”

பெர்னார்ட் பேனாவைப் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.