எடைக்குக் கிடந்த பட்டினி

பயில்வான் உபவாசம் இருக்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சபையில் ஒருவருக்கும் தெரியாது. அறுபத்தைந்து கிலோ பிரிவில் மல்யுத்தப் போட்டிக்கு இறங்க அவன் நான்கு கிலோ குறைக்க வேண்டியிருந்தது. அதனால் பட்டினி கிடந்தான். அவ்வளவுதான் சங்கதி.

கெடுத்தது அம்மா. கன்னம் ஒட்டிப்போன மகனைப் பார்த்து, பிள்ளைக்குச் சோறு போடுவதில்லையா என்று ஆராதனை முடிந்ததும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உபவாச ஜெபத்தில் இருக்கிறான் என்று அடித்துவிட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறு ஞாயிறு போதகர் பிரசங்கத்திலேயே அவனை இழுத்தார். பதக்கத்துக்காக உடம்பை ஒடுக்குகிறவன் ஆண்டவருக்காகவும் ஒடுக்குகிறான், நாமோ ஆமென் சொல்லும்போதே சாப்பாட்டை நினைக்கிறோம் என்றார். மொத்தச் சபையும் திரும்பிப் பார்த்தது. எழுந்து மறுத்தால் அம்மாவின் மானம் போகும். உட்கார்ந்திருந்தால் அவன் பொய்யன். உட்கார்ந்தே இருந்தான்.

அதிலிருந்து புலிவாலைப் பிடித்த கதைதான். தையல்கார அக்கா தேடி வந்தாள். அவள் கணவருக்கு இதயத்தில் ஆபரேஷன், அதுவும் போட்டியன்றே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது உண்மை தொண்டைவரை வந்தது. ஆனால் ஜெபிக்கிறேன் என்றுதான் சொன்னான். ஜெபிக்கவும் இல்லை. முட்டிபோட்டால் கண்ணில் தராசுதான் நின்றது.

போட்டியன்று காலை தராசில் ஏறினான். சரியாக அறுபத்தைந்து. எடை பார்த்து முடிந்ததும் நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பேற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். மோத இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. உடை மாற்றும் அறையில், அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, மாமாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீ சாப்பிடாமத்தான இருக்க? அது ஒண்ணுதான்பா எனக்குத் தைரியம்."

"இருக்கேன்க்கா," என்றான், முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அந்தப் பாழாய்ப்போன முட்டை வாய்க்குள் போகவில்லை. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். ஜெயித்தால் தேசிய அணி, ஒரு வருட உழைப்பு, வெறும் வயிற்றோடு போனால் ஆறு நிமிடமும் தாங்கமாட்டாய் என்றார். அவனுக்கென்ன தெரியாதா? டப்பாவை மூடினான்.

தாங்கவில்லைதான். இரண்டாம் சுற்றில் எதிராளி காலை வாரி, மேலே விழுந்து, இரண்டு தோளையும் விரிப்போடு சேர்த்து அமுக்கினான். அசைய முடியவில்லை. இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்த நொடியில், ஆண்டவரே மாமாவைக் காப்பாற்றும் என்றான். இத்தனை நாள் பட்டினியில் அதுதான் அவன் செய்த முதல் ஜெபம்.

மாலையில் அக்கா கூப்பிட்டாள். மாமா கண் விழித்துவிட்டார், எல்லாம் உன் உபவாசம்தான், ஞாயிறு சபை முன்னால் எழுந்து நீ சாட்சி சொல்ல வேண்டுமென்று போதகர் சொல்லிவிட்டார் என்று மூச்சுவிடாமல் பேசினாள்.

"அக்கா, நான் எடை கொறைக்கத்தான் பட்டினி கெடந்தேன். இன்னைக்கு ஒரு நாள்தான் மாமாவுக்காக."

 போனை வைத்துவிடுவாளோ என்று பயந்தான்.

"அப்ப அதையே சபையில சொல்லு," என்றாள் அக்கா. "மொதல்ல சாப்பிடு."

டப்பாவைத் திறந்தான். பசித்த பசிக்கு மளமளவென்று இறங்கியிருக்க வேண்டும். ஆனால் இறங்கவில்லை; சபையில் அம்மா எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவாள்.