ஊர் பேர் தெரியாத கரண்டு

எங்கள் வேலை கண்ணாடி கழுவுவது. வெயிலில் கரண்டு எடுக்கிற பலகைகள் சாய்ந்த வாக்கில், வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். தூசி படிந்தால் கரண்டு குறையும். டிராக்டர் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போகும். நாங்கள் நீளக் கம்பில் கட்டிய துடைப்பானோடு பின்னால் போவோம். சாயங்காலத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். கடைசிப் பலகையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் முதல் பலகையில் மறுபடியும் தூசி உட்கார்ந்திருக்கும்.

என் தங்கச்சி புருஷனை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். அவனுக்குப் பளபள என்று பெயர் வைத்தது டிராக்டர்காரர். பலகையைத் துடை என்றால் அதைத் தாங்குகிற இரும்புக் காலையும் சேர்த்துத் துடைப்பான். சாப்பிட்ட தூக்குவாளியைக் கழுவினால் கைப்பிடி சேரும் இடுக்கில் குச்சியை விட்டுக் குடைவான். ஒரு நாள் டிராக்டரின் முகப்பு விளக்கைக் கழற்றி, உள்பக்கமும் துடைத்து மாட்டியிருந்தான்.

"அசந்தா என்னையும் கழட்டித் துடைச்சு மாட்டிருவான்யா" என்றார் டிராக்டர்காரர். அன்றிலிருந்து அவன் பளபள.

எங்கள் வீடு ஒரே அறை. நடுவில் ஒரு துணியைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் தங்கச்சி குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். அங்கே இருமினால் இங்கே தூக்கம் போகும். இந்த வருஷத்து ஆய்வு நல்லபடியாக முடிந்தால் பளபளவை நிரந்தரமாக்கி, கேட்டை ஒட்டிய அறையையும் தருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். தங்கச்சி அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டி வாசலோரம் வைத்துவிட்டாள். ஆய்வே இன்னும் முடியவில்லையே என்று என் மனைவி கிண்டல் செய்தாள். "கட்டி வச்சா ஒரு வேலை முடிஞ்சுது அண்ணி" என்றாள் அவள். சமைக்கும்போது அந்த மூட்டையிலிருந்தே ஒரு சட்டியை உருவி எடுப்பாள், கழுவித் திரும்பச் செருகிவிடுவாள்.

அது என்ன ஆய்வு என்று சொல்லிவிடுகிறேன். கரண்டுக்கு முகம் கிடையாது. எங்கள் பலகையில் பிறந்ததும் நிலக்கரியில் பிறந்ததும் ஒரே கம்பியில் போய்க் கலந்துவிடும். குளத்தில் ஊற்றிய குடத்துத் தண்ணீரைத் திரும்பப் பிரித்து அள்ள முடியாது. ஆனால் நாங்கள் எரிப்பது வெயில் கரண்டுதான் என்று சொல்லிக்கொள்ள விரும்புகிற பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களுக்காக, இத்தனை யூனிட் இந்த இடத்தில் வெயிலில் பிறந்தது என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். கரண்டு ஒரு வழியில் போகும், சான்றிதழ் வேறு வழியில் போகும். ஒரு கம்பெனி அதைக் கணக்கில் காட்டிவிட்டால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது, இன்னொருவர் காட்ட முடியாது. எங்கள் முதலாளிக்குக் கரண்டு விற்று வருவது வாய்க்கும் வயிற்றுக்கும் சரி. சான்றிதழ் விற்றால்தான் தொழில் நிற்கும். "கரண்டுக்குக்கூடப் பொறப்பு சர்டிபிகேட் இருக்கு, நமக்கு இல்ல பாரு மாப்ள" என்று நான் பளபளவிடம் சொல்ல, இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

அத்தனைக்கும் ஆதாரம் ஒரே ஒரு மீட்டர். வேலியோரம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக் கதவை மெல்லிய கம்பியால் கோத்து, கம்பியின் நுனியில் ஒரு ஈயக் குண்டை நசுக்கி, அதில் ஆய்வு அலுவலகத்தின் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். கதவில் சின்னக் கண்ணாடி இருக்கும். அது வழியாக எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம், திறக்கக் கூடாது. முத்திரை குலையாமல் இருந்தால்தான் அந்த எண் செல்லும்.

ஆய்வுக்கு முந்தின வாரம் மேனேஜர் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். குளவிகள் கதவிடுக்கில் மண்கூடு கட்டியிருந்தன. கண்ணாடியெல்லாம் மண். ஆய்வுக்கு மேடம் வருவதற்குள் பெட்டியைச் சுத்தம் பண்ணி வை என்று போகிறபோக்கில் பளபளவிடம் சொல்லிவிட்டுப் போனார். வேறு எவனாக இருந்தாலும் கூட்டைத் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆய்வாளர் மேடம் நல்ல மாதிரி. வந்ததும் எங்களுக்கு நிழல் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரித்தார். பலகைகளைச் சுற்றிப் பார்த்தார், திருப்தி. பெட்டிக்கு முன்னால் வந்து குனிந்தவர் நிமிரவே இல்லை. கதவுக் கம்பி கையால் முறுக்கியிருந்தது. ஈயக் குண்டு புது வெள்ளி மாதிரி மின்னியது.

இதை யார் தொட்டது என்று கேட்டார். மேனேஜர் வாயைத் திறந்தார். காற்று என்று சொல்லியிருப்பாரோ, மாடு உரசியது என்று சொல்லியிருப்பாரோ, தெரியாது. அதற்குள் பளபள துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"நான்தாங்க மேடம். குளவி உள்ள வரைக்கும் போயிருச்சு. கம்பிய அறுக்கல, குண்டுலேர்ந்து பக்குவமா உருவி எடுத்து, உள்ள துடைச்சு, திரும்ப அதே மாதிரி மாட்டிட்டேன். குண்டு கறுத்துக் கெடந்துச்சு, அதையும் தேய்ச்சு விட்டேன். பாருங்க, ஒரு தூசி இருக்காது."

குண்டில் முத்திரை இல்லை. தேய்த்ததில் போய்விட்டது.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மேனேஜர் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பளபள சிரித்த முகத்தோடு, சபாஷ் சொல்வார்கள் என்று நின்றுகொண்டிருந்தான்.

மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். வெயில் அடித்தது பொய்யா, பலகைகள் நிற்பது பொய்யா, போன வருஷத்துக் கணக்கோடு ஒத்துத்தானே போகிறது என்றார்.

"ஒத்துப் போகுது சார். இவரு எதையும் மாத்தலைன்னு நான் நம்புறேன்" என்றார் மேடம். "ஆனா நான் நம்புறத வச்சு சான்றிதழ் குடுக்க முடியாது."

போன ஆய்விலிருந்து அன்றைக்கு வரை ஓடிய அத்தனை யூனிட்டுக்கும் சான்றிதழ் ரத்து. ஏற்கனவே விற்றதையும் முதலாளி ஈடு கட்ட வேண்டும். மேடம் புதுக் கம்பி கோத்து, புதுக் குண்டை இடுக்கியால் நசுக்கினார். பளபள என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டான்.

"மேடம் ஏன் மச்சான் முகம் வாடிட்டாங்க? உள்ள எங்கயாச்சும் விட்டுட்டேனா?"

மறுநாள் கேட்டிலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள், அவ்வளவுதான். சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டது. எங்களிலும் பாதிப் பேரைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. டிராக்டர்காரர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு வருசக் கரண்டையும் ஊர் பேர் தெரியாததா ஆக்கிட்டான்யா உன் மாப்ள."

நான் மேனேஜரிடம் போனேன். நீங்கள் சொல்லித்தானே சுத்தம் செய்தான் என்றேன்.

"பெட்டியத்தானே சொன்னேன். உள்ள போகவா சொன்னேன்?"

அதற்கு மேல் பேசினால் என் பெயரும் கேட்டில் இருக்காது. துடைப்பானை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினேன்.

வீட்டில் தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். மீட்டர் தப்பா ஓடுச்சா அண்ணே என்றாள். இல்லை என்றேன். வெயில் அடிக்கலையா என்றாள். அடித்தது என்றேன். யாராவது திருடினாங்களா என்றாள். இல்லை என்றேன். "பின்ன என்னதான் போச்சு?" என்றாள். மேடம் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியிருந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

பளபள வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் புறப்படுவான். தெருமுனையிலிருந்து திரும்பி வந்து படுத்துவிடுவான். அறையில் தொங்குகிற பல்பில் புகை படிந்து வெளிச்சம் மங்கிவிட்டது. முன்பெல்லாம் அவன் விடமாட்டான். இப்போது அண்ணாந்து அதையே பார்த்தபடி கிடக்கிறான். பாத்திர மூட்டை வாசலோரம் அப்படியே இருக்கிறது.

மீட்டர் பெட்டியில் குளவிகள் திரும்ப வந்துவிட்டன. இந்த முறை கூடு பெரிது. கண்ணாடி பாதிக்கு மேல் மண். பெட்டிப் பக்கம் எவனும் போகக் கூடாது என்று உத்தரவு. அதைத் தாண்டித்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறோம். யாரும் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

நேற்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மச்சான், அந்தப் பெட்டியில குளவி திரும்ப வந்துச்சா?"

"இல்ல மாப்ள."

"வராது" என்றான். "அடிமண்ணு வரைக்கும் சுரண்டி எடுத்தேன்ல."

பிறகு அவன் சுவர்ப் பக்கம் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.