ஓடைக்கல்

என் வீட்டுக்காரர் கல்லை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, பட்டப்பகலில், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டையோடு மணலில் மண்டியிட்டு. ஈரம் பட்டால்தான் கல்லின் நிறம் தெரியுமாம். பக்கத்தில் அவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது, அதில் நனைத்தால் ஆகாதா என்று கேட்டேன். காதில் விழவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணுக்கு லென்ஸ் மாட்டிய நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அதே லென்ஸால் கல்லைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால்கூடக் கல்தான். மதுரையில் ஒரு கல்லூரி வாத்தியாருக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டே இருப்பார். அந்த மனிதர் ஒருநாளும் ‘அபூர்வம்’ என்று சொன்னதில்லை. போன தடவை அனுப்பியது ரோட்டு ஜல்லி என்று பதில் வந்தபோது இவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

“ரமீஜா, இங்க கெடக்கதெல்லாம் சிப்பி இறுகுன பாறை. இது மட்டும் நம்ம மலைக்கல்லு. பாரு, உள்ள செவப்பு செவப்பா.”

உடைத்த மாதுளைபோலக் கருப்புக்குள் சிவப்பு மணிகள். எங்கள் ஊர்ப் பக்கம், மம்சாபுரத்துக்கு மேற்கே ஓடையில் கிடக்கிற அதே கல்.

“ஆத்துல உருண்டு வந்திருக்கும்.”

“உருண்டு வந்தா மூலை மழுங்கியிருக்கணும்ல? அப்படியே இருக்கு பாரு. எப்படி வந்துச்சுன்னே தெரியல. இதைப் பாத்தா வாத்தியார் எந்திரிச்சு ஓடி வருவாரு.”

சிப்பி ஓட்டால் மணலைத் தோண்டி, முழங்கை நீளக் கல்லை உருவி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போயே போய்விட்டது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தடவையாவது ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன்.

இனி கிளம்ப மாட்டார் என்று தெரிந்ததால், உட்கார இடம் தேடித் தெற்கே இரண்டு எட்டு வைத்தேன். காய்ந்த பனைமட்டைக்கு அடியில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. மட்டையைத் தள்ளினேன். அடியில் ஈரம் காயவில்லை. கருப்புக்குள் சிவப்பு. திரும்பிப் பார்த்தேன். கடல் கிழக்கே இருந்தது. அவர் உருவிய குழியும் இந்தக் கல்லும் நேர் வடக்கு தெற்கு. இடையில் ஓர் ஆள் படுக்கும் நீளம்.

“ஏங்க, அதக் கீழ வையிங்க.”

“என்னட்டி?”

“அது மீசான்.”

போன வருஷம் என் அத்தா மவுத்தானபோது, அடக்கிய இடத்தில் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் மீசான் கல்லாக நட அந்த ஓடைக்குப் போய் ஜோடிக் கல் பொறுக்கி வந்தவரே இவர்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. குனிந்து கையிலிருந்ததைப் பார்த்தார். பிள்ளையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

“ஆறு கொண்டாரல,” என்றார் மெல்ல. “யாரோ தூக்கிட்டு வந்திருக்காங்க. இம்புட்டுத் தூரம்.”

உப்பு ஏற்ற வந்தவரோ, படகுக்குக் காத்திருந்தவரோ, யாரோ இங்கே கண்ணை மூடியிருக்கிறார். இன்னொருவர் ஊருக்குத் திரும்பிப் போய், ஓடையில் இறங்கி, இரண்டு கல்லைத் தேர்ந்து, மறுபடியும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ரோடு இருந்ததோ இல்லையோ.

அலை குழிக்கு ஒரு சாண் தள்ளி வந்து திரும்பியது. அடுத்த மழைக்குள் இந்தக் கரையே இருக்காது என்று எனக்கே தெரிந்தது.

“நம்ம ஊருக்கே கொண்டு போயிருவமா?” என்றார். சட்டைப்பையில் போன் இருந்தது. போட்டோ எடுக்கவில்லை.

“அவிய இங்கதான இருக்காவ.”

குழியைக் கையால் ஆழப்படுத்தி, கல்லை இருந்தபடியே நட்டு, ஈர மணலை இருவரும் அழுத்தினோம். எழுந்து சலாம் சொன்னார். பிறகு கடைக்கு வருகிறவரிடம் பேசும் அதே குரலில் சொன்னார்:

“நாங்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான்.”

ஓர் அலை ஏறி வந்தது. இரண்டு கல்லையும் நனைத்துவிட்டுப் போனது. இரண்டிலும் சிவப்பு துலங்கியது.