காய்ந்த வரிசை

விசாரணை நடந்த அறையில் இருந்தவர்கள்: பண்ணையின் இயக்குநர், பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்ள ஓர் எழுத்தரம்மா, விதைக்கிடங்கைப் பார்த்துக்கொள்கிற, அங்கே எல்லோருக்கும் மாமாவான ஒருவர், பீன்ஸ் ஆராய்ச்சியாளரான அக்கா, அவளுடைய தம்பியான, கண்ணாடிக்கூடத்தின் தண்ணீர்க்காரன். பீன்ஸ் செடி ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டி வந்திருக்காது.

"யார் சொல்லி அந்தச் செடிங்களைப் பிடுங்கினே தம்பி?" என்று கேட்டார் இயக்குநர்.

அவர் அவனைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கியது சமீபத்தில்தான். அதற்கு முன்பெல்லாம் "ஏய் தண்ணி" என்பார். எதிரில் இருந்த மேசையின் பெயர்ந்த விளிம்பை அவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பதில் ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

அவனுடைய வேலையே ஒரு கேலிக்கூத்து. பெயர் தண்ணீர்க்காரன், வேலையோ தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. பூ விடும் பருவம் வந்ததும் அக்காவின் தொட்டிகளுக்குக் குழாயை அடைத்துவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் சூடேற்றிகளைப் போட்டுவிட வேண்டும். பீன்ஸுக்குப் பகல் வெயிலைவிட இரவு வெக்கைதான் எமன். ராத்திரி குளிரவில்லையென்றால் மகரந்தம் மலடாகி, பூ பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த வெக்கையிலும், அந்தத் தாகத்திலும் எந்தச் செடி காய் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. "நீ பேசாம பீன்ஸையே கட்டியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கணவன் எப்போதோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாமாவுக்குத் தண்ணீர்க்காரனைக் கண்டாலே நாக்கு அரிக்கும். "ஊத்தாம இருக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்டா. நானும் சமைக்காத சமையல்காரனா எங்கயாவது சேந்துக்கலாம்னு பாக்குறேன்" என்பார்.

"உங்க வீட்டுல அத்தை ஏற்கெனவே அந்த வேலையிலதானே மாமா இருக்காங்க?"

"அது நெசந்தான்" என்று மாமா ஒத்துக்கொள்வார்.

அந்த வேலையையும் அக்காதான் வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக் கொடுத்ததை மறக்கவும் விடமாட்டாள். யார் வந்தாலும், "என் தம்பி. படிப்பு ஏறல. அதான் இங்க கொண்டாந்து வெச்சிருக்கேன்" என்று அறிமுகம். சொல்வது அவன் நிற்கும்போதே. குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. தொட்டியின் மண் எந்த வகை என்று சொல்கிற அதே குரல்.

ஆனால் செடியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனை ஆளாக மதித்துச் சொல்வாள். "இலை மஞ்சளாகும். சுருளும். பாக்கச் சகிக்காது. நீ கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். நல்ல செடி தன் இலையை உறிஞ்சி காய்க்குக் கொடுக்கும்டா, அதனாலதான் காயுது. தண்ணியில்லாமயும் பச்சைப் பசேல்னு நிக்குதே, அது எல்லாத்தையும் தனக்கே வெச்சுக்கிற செடி. காயைப் பிரிச்சா சப்பையா இருக்கும்."

"அப்போ நம்ம வீட்டுல நீதான் பச்சை" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பண்ணையில் ஒரு பழக்கம் உண்டு. செத்த செடி ஒரு நாள்கூடக் கூடத்தில் நிற்கக்கூடாது, நோய் பரவும். காலையில் வந்ததும் காய்ந்ததைப் பிடுங்கி, வெட்டும் இயந்திரத்தில் போட்டு, எருக்குவியலில் தள்ளிவிடுவார்கள். சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். அக்காவின் தொட்டிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. கட்டியவனும் அவன்தான்.

வெளியூர் வயலில் நட்டிருந்ததைப் பார்க்க அக்கா போயிருந்த சமயத்தில், இயக்குநர் கூடத்துக்குள் வந்தார். சாதாரணமாக அவர் வருவதில்லை. வேர்க்கும் என்பார். மூக்கைச் சுளித்துக்கொண்டு கயிற்றருகே நின்றார்.

"என்ன இது, பொணக்கிடங்கு மாதிரி? நாளைக்கு நமக்குப் பண உதவி செய்றவங்க வர்றாங்க. அவங்க கண்ணுல இதுவா படணும்? காஞ்சதையெல்லாம் எடுத்துடு. அந்தப் பச்சை வரிசையை முன்னாடி நகர்த்து."

"அது அக்காவோடது சார். தொடக்கூடாதுன்னு…"

"உங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன் தம்பி." அப்போதுதான் முதல்முறையாகத் தம்பி. தோளில் ஒரு கையும் விழுந்தது. "நிரந்தர வேலைக்கு ஒரு ஆளைச் சொல்லுன்னு மேலேயிருந்து கேக்குறாங்க. எனக்கு உன் நெனப்புதான் வந்துச்சு."

அவர் போனபின் அவன் செல்போனை எடுத்தான். அக்காவின் எண் மேலேயே இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்பாள். அப்புறம் அவன் இரண்டில் ஒருவரைப் பகைத்தாக வேண்டும். கூப்பிடாவிட்டால் பெரியவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இப்படியொரு கணக்கைப் போட்டுவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை அவிழ்த்தான்.

மறுநாள் வந்தவர்கள் பச்சை வரிசையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "வறட்சியைத் தாங்கி எப்படி நிக்குது பாருங்க" என்றார் இயக்குநர். பின்னாலிருந்து மாமா முணுமுணுத்தார்: "நிக்கத்தான் செய்யுது. காய்க்கணும்னு அதுகிட்ட யாரும் சொல்லல போல."

அக்கா திரும்பி வந்ததும் நேராக எருக்குவியலுக்குத்தான் போனாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். குவியலுக்குள்ளிருந்து ஆவி வந்தது. எது இலை, எது காய் என்று பிரிக்க முடியாத வெந்த சக்கைதான் கையில் வந்தது. அந்தச் செடிகள் மகரந்தம் மாற்றிக் கலந்து பிறந்தவை, ஒவ்வொன்றும் தனிப்பிறவி. மாற்று விதை எங்கும் கிடையாது. கையைத் துடைக்காமலே அவனிடம் வந்து யார் சொன்னது என்று கேட்டாள். அவன் உள்ளதைச் சொன்னான். அவள் அவனைத் திட்டவே இல்லை. படம் எடுத்துக்கொண்டு போனவர்களைத் தொலைபேசியில் பிடித்து, நீங்கள் பார்த்தது சப்பை, நல்லதை இயக்குநர் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று போட்டு உடைத்துவிட்டாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் இயக்குநர். அதனால்தான் இந்த அறை, இந்த மேசை, இந்தக் கேள்வி. அவர் உத்தரவு போட்டபோது கூடத்தில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லை.

"சொல்லு தம்பி" என்றார் இயக்குநர் மறுபடியும். குரலில் தேன்.

"அவன் சொல்லட்டும்" என்றாள் அக்கா. அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. சூடேற்றியைப் போட்டுவிட்டால் அது சூடாகும் என்பதுபோல, அவன் சொல்லிவிடுவான் என்று அவளுக்கு அத்தனை உறுதி. அவனுக்கு எரிந்தது அதில்தான்.

"அக்காதான் சொல்லுச்சு" என்றான். "ஊருக்குப் போறப்போ, காஞ்சதையெல்லாம் எடுத்துடுன்னு."

எழுத்தரம்மா பேனாவை நிறுத்தினாள். "காஞ்சதை மட்டும்னு எழுதவா, எல்லாத்தையும்னு எழுதவா?"

"காஞ்சதை மட்டும்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"டேய்" என்றாள் அக்கா. "என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

பார்த்தான். சொன்னான். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"நீங்களே சொல்லிட்டு, வெளியாளுங்ககிட்ட என் பேரை நாறடிச்சிருக்கீங்க" என்றார் இயக்குநர். அதற்குமேல் அவர் பேசியதெல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்ததுபோல வந்தது. அன்றைக்கே அக்கா கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும், பண்ணைக்குள் இனி கால் வைக்கக்கூடாது. கடைசியில் அவன் கையில் ஒரு சாவியைத் திணித்தார். "கூடம் இனிமே உன் பொறுப்பு. அவங்க பொருளை எடுத்துக்கட்டும். கூடவே இரு."

கூடவே போனான். அவளுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெயில் தொப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடி, மண் ஒட்டிய செருப்பு, ஒரு பழைய ஸ்வெட்டர். அந்த அடுப்புக்குள் ஸ்வெட்டரை எதற்கு வைத்திருந்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் துணிப்பையில் திணித்துக்கொண்டாள்.

"நீ எங்கயாவது சேந்துடுவே" என்றான் அவன். "படிச்சவ."

"வாயை மூடு."

மூடிக்கொண்டான். அவள் வாசல் வரை போய் நின்றாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன். இங்க எழுதிக்க யாரும் இல்ல, பொய் சொல்லாத. பிடுங்குனப்போ அந்தக் காய்ங்க எப்படி இருந்துச்சு?"

அவன் பச்சை வரிசையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கனமா இருந்துச்சு" என்றான். "தொட்டிக்குத் தொட்டி. கொத்துக் கொத்தா. மெஷின்ல போட்டப்போ விதை தெறிச்சு மூடியில அடிச்சுது."

"எல்லாத்துலயுமா?"

"முக்காவாசியில."

அவள் தலையாட்டினாள். ஏதோ கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். உன்னையெல்லாம் ஒரு மனுஷனா நெனச்சேனே என்றாவது சொல்லியிருக்கலாம். அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

"அப்போ நான் செஞ்சது சரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படியிறங்கி வெளியே போனாள்.

கதவு திறந்திருந்தால் உள்சூடு வெளியேறிவிடும். அவன் அதை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.